சீருடை வருவதற்கு முன்



இது நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

ஐப்பசி பிறந்ததிலிருந்து என் போனுக்கு ஒரே கேள்வி வேறு வேறு வடிவத்தில் வருகிறது. ஒரு மாணவி, "ஐயா, பேரிடர் மீட்புத் தன்னார்வலர் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கலாமா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்" என்று கேட்டாள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு மாணவன், "அதுக்குன்னு சம்பளம் வாங்குற படை இருக்கும்போது நம்ம ஊர்ப் பசங்க ஏன் சார் தண்ணியில இறங்கணும்?" என்று கேட்டான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். சரித்திர வாத்தியார் பதில் சொன்னால் அது 200 வருடம் பின்னாலிருந்துதான் தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபத்தில் இருப்பவரை முதலில் எட்டுவது எப்போதும் பக்கத்தில் இருப்பவர்தான். சீருடை அடுத்துத்தான் வரும். அது யாருடைய குறையும் இல்லை, தூரத்தின் கணக்கு. தண்ணீரில் மூழ்கியவருக்கு மூச்சு நின்றுவிட்டால் நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கத் தொடங்கும். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில். அங்கிருந்து நம் பெரிய முதலியார்சாவடிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நாலைந்து நிமிடம் நம்முடையதுதான்.

நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கிப் போகும் இடம். சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பிள்ளைச்சாவடி என்று புதுச்சேரிக்கு வடக்கே வரிசையாகச் சாவடிகள். முன்பின் தெரியாதவருக்குத் திண்ணையும் தண்ணீரும் கொடுத்த இடங்கள் என்று இந்தப் பெயர்களே சொல்கின்றன. இன்னும் வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். ஆந்திராவிலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் முடிகிற இடமும் அதுதான். இந்த நெடுங்கரையில் இயற்கையான துறைமுகம் கிடையாது. அலை நேராக வந்து மணலில் மோதும். கடலுக்குள் போகிறவரும் கடலிலிருந்து வருகிறவரும் அந்த அலைமடிப்பைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இந்தக் கரையின் மீட்பு வரலாறு அந்த அலைமடிப்பில்தான் தொடங்குகிறது.

கட்டுமரக்காரர்களின் பதக்கம்

இன்றைய சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கியது 1870-களில். அதற்கு முன்னால் சுமார் 200 வருடம் மெட்ராஸுக்கு வந்த கப்பல்களெல்லாம் கரைக்கு வர முடியாமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நின்றன. கவர்னராக இருந்தாலும் சரி, கடைசிச் சிப்பாயாக இருந்தாலும் சரி, கப்பலிலிருந்து மசூலா படகில் இறங்கித்தான் கரை சேர வேண்டும். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். ஆனாலும் கவிழும்.

அதற்காக அந்தப் படகுகளோடு கட்டுமரங்களும் கூடவே போயின. படகு கவிழ்ந்தால் கட்டுமரக்காரர் குதித்து, விழுந்தவரைத் தூக்கி மரத்தில் போட்டுக் கரை சேர்ப்பார். உயிர் காப்பாற்றிய கட்டுமரக்காரர்களுக்கு அரசு பதக்கம் கொடுத்ததை 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து போன வெள்ளைக்காரப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். இடுப்பில் ஒரு துண்டுத் துணி, பக்கத்தில் ஒரு துடுப்பு, வெள்ளைக்கார அரசாங்கத்தின் பதக்கம். அந்த உருவத்தை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். நம் கரையில் மீட்புப் பணிக்கு அரசு கொடுத்த ஆரம்ப கால அங்கீகாரங்களில் அதுவும் ஒன்று. வாங்கியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் நம் கைக்கு வரவில்லை.

மற்றபடி, 'கட்டுமரம்' என்ற நம் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஆரம்ப கால நூல்களில் ஒன்று 1697-ல் அச்சான வில்லியம் டாம்பியரின் பயண நூல். உலகம் சொல்லை எடுத்துக்கொண்டது. அந்தச் சொல்லுக்குரிய ஆட்களை மறந்துவிட்டது.

கட்டுமரம் ஏன் மீட்புக்குப் பொருத்தம்? மூன்று, நான்கு மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. உள்ளே குழி கிடையாது, ஆகவே தண்ணீர் நிரம்பி மூழ்காது. அலை மேலே ஏறினால் இடுக்கு வழியாக வடிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டுக்கொள்ளலாம். தண்ணீர் மட்டத்திலேயே மிதப்பதால் மூழ்குகிறவரை உயரமான விளிம்புக்கு மேலே தூக்க வேண்டியதில்லை, பக்கவாட்டில் உருட்டி ஏற்றிவிடலாம். இன்றைக்கு உயிர்காப்பாளர்கள் அலைச்சறுக்குப் பலகையை மீட்புக்குப் பயன்படுத்துவதும் இதே கணக்கில்தான்.

இங்கிலாந்தில் சங்கம், இங்கே வழக்கம்

இதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்ப்போம். அங்கேயும் கடலோரத்தில் கப்பல்கள் உடைந்து ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். வில்லியம் ஹில்லரி என்பவர் எல்லாரையும் கூட்டி, 1824 மார்ச் 4 அன்று லண்டனில் ஒரு சங்கம் தொடங்க வைத்தார். இன்றைய ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன் அதுதான். 200 வருடம் தாண்டிவிட்டது. இன்றும் அது அரசுத் துறை இல்லை. மக்கள் கொடுக்கும் நன்கொடையில் ஓடுகிறது. படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். மீனவர், கடைக்காரர், ஆசிரியர் என்று அந்தந்த ஊர்க்காரர்கள்தான். அழைப்பு வந்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். தொடங்கிய நாளிலிருந்து 1,40,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியதாக அவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

நம் ஆட்களின் துணிச்சல் அவர்களுடையதற்குக் குறைந்ததில்லை. வித்தியாசம் எழுத்தில் இருக்கிறது. அங்கே அது சங்கமாகி, பதிவேடாகி, பயிற்சியாகி, படகுக் கொட்டகையாகி நின்றது. இங்கே அது ஊர் வழக்கமாகவே நின்றுவிட்டது. ஒரு குப்பத்தில் போன படகு திரும்பவில்லை என்றால், ஊர்ப் பெரியவர்கள் கூடி யார் எந்தத் திசைக்குப் போவது என்று பிரித்துக்கொள்வார்கள். அன்றைக்குத் தொழில் கிடையாது. டீசல் செலவை யாரும் கணக்குக் கேட்பதில்லை. கூப்பிட்டால்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. இதற்கு 'தன்னார்வலர்' என்று ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. நாளைக்கு நம் படகுக்கும் இதே கதி வரலாம், அவ்வளவுதான்.

கடலின் இந்தப் பழைய நியாயம் பிறகு உலகச் சட்டமாகவும் ஆனது. 1912-ல் டைட்டானிக் மூழ்கியதற்கு இரண்டு வருடம் கழித்து கடல் உயிர்ப் பாதுகாப்புக்கு முதல் சர்வதேச ஒப்பந்தம் வந்தது. கடலில் ஆபத்தில் இருப்பவரைக் கண்டால் உதவப் போவது கப்பல் தலைவரின் கடமை என்று இன்றைய சர்வதேசச் சட்டம் சொல்கிறது. நம் நாட்டில் கடலோரக் காவல்படை 1977-ல் இடைக்கால அமைப்பாகத் தொடங்கி, 1978-ல் சட்டப்படியான படையானது. கடல் தேடல், மீட்பை ஒருங்கிணைப்பது அவர்கள் பொறுப்பு. சென்னையில் அதற்கென்று ஒரு மையம் இருக்கிறது. ஆனால் தரையில், ஊருக்குள் வரும் பேரிடருக்கு என்று தனிச் சட்டமும் தனிப்படையும் வர, நாம் சுனாமி வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

2004: ஒலிபெருக்கியும் கல்யாணச் சாப்பாடும்

2004 டிசம்பர் 26, ஞாயிறு. சுமத்ரா அருகே நிலநடுக்கம் வந்தது நம் நேரப்படி காலை 6.28 மணிக்கு. அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்குச் சொல்ல ஒரு அமைப்பும் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில்.

நமக்குத் தெற்கே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு கிராமம் தப்பித்தது. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உதவி செய்து அமைத்த கிராமத் தகவல் மையம் ஒன்று இருந்தது. தினமும் அலை உயரம், காற்று பற்றிய தகவலை எடுத்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அன்று காலை சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். தகவல் மையத்துக்குச் செய்தி போனது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 500 குடும்பங்கள் கரையை விட்டு விலகின. உயிர்கள் தப்பின.

இதில் கவனிக்க வேண்டியது போன் மட்டும் இல்லை. அன்றைக்குப் பல ஊர்களுக்கும் போன் இருந்தது. நல்லவாட்டில் அதோடு தினமும் அந்த ஒலிபெருக்கியைக் கேட்டு நடந்த பழக்கமும் இருந்தது. நம்பிக்கையான குரல் ஓடு என்றதும் கேள்வி கேட்காமல் ஓடினார்கள். மீட்பின் முதல் பாடம் அதுதான். பேரிடர் அன்று புதிதாக எதையும் உருவாக்க முடியாது. முன்பே பழகியதுதான் கை கொடுக்கும்.

அலை வடிந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தார் அன்று கல்யாணங்களுக்குச் சமைத்திருந்த சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போய், உயிர் தப்பி வந்த மீனவக் குடும்பங்களுக்குப் போட்டார்கள். கரையோரம் முழுக்க இடிபாடுகளில் உடல்களைத் தேடி எடுத்து அடக்கம் செய்ததும் பெரும்பாலும் பக்கத்து ஊர் இளைஞர்கள்தான். அவர்கள் எந்த சாதி, எந்த மதம் என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

இன்னொரு கணக்கு இருக்கிறது. இதை மாணவிகள் கவனமாகப் படிக்க வேண்டும். ஆக்ஸ்பாம் அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கைப்படி, கடலூர் மாவட்டத்தில் சுனாமியில் இறந்த பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர். இரண்டரை மடங்குக்கு மேல். ஆண்களில் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள், அங்கே அலை அவர்களுக்குக் கீழே தெரியாமல் போய்விட்டது. பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள், அல்லது பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள். பலருக்கு நீச்சல் தெரியாது. கையில் குழந்தை, காலில் சுற்றிய புடவை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு நீச்சல் சொல்லித் தராமல் விட்டது நம் வழக்கத்தின் பெரிய ஓட்டை. அந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருடம், 2005-ல், பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2006-ல் தேசியப் பேரிடர் மீட்புப் படை உருவானது. 2007-ல் ஹைதராபாத்தில் இன்கோயிஸ் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. எல்லாம் நல்ல வேலை. ஆனாலும் அதன் பிறகு வந்த பேரிடர்கள் பழைய கணக்கைத்தான் திரும்பவும் காட்டின.

லாரியில் ஏறிய படகுகள்

2015 டிசம்பர் 1 இரவு அடையாற்றில் வெள்ளம் வந்து கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, முடிச்சூர் எல்லாம் மூழ்கியபோது, சென்னைக் குப்பங்களின் மீனவர்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நகருக்குள் வந்தார்கள். வருடம் முழுக்க இந்த நகரம் அவர்களைக் கரையோரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மாடி வீடுகளின் பால்கனியிலிருந்து நகரம் அவர்களைக் கூப்பிட்டது. அவர்கள் வந்தார்கள்.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் அதுவே பெரிய அளவில் நடந்தது. கொல்லம், ஆலப்புழை, திருவனந்தபுரம் கரைகளிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகப் படகுகள் லாரி ஏறி செங்கன்னூர், ஆலுவா பக்கம் போயின. கேரள அரசின் கணக்குப்படி 669 படகுகள், சுமார் 4,500 மீனவர்கள், காப்பாற்றியது 65,000-க்கும் மேற்பட்டவர்களை. படகில் ஏற முடியாமல் தவித்த பெண்களுக்கு, தண்ணீரில் குனிந்து தன் முதுகைப் படியாக்கிய தானூர் மீனவர் ஒருவரின் வீடியோவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மதில் சுவரிலும் கேட்டிலும் மோதிப் பல படகுகள் சேதமாயின. ஒரு நாளைக்குப் படகுக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தபோது, உயிரைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு.

அந்தப் பேச்சு மனதைத் தொடும். ஆனால் உங்கள் வாத்தியாராக ஒன்று சொல்கிறேன். கூலி வேண்டாம் என்பது அவர்கள் பெருந்தன்மை. படகு உடைந்தால் பழுது பார்த்துக் கொடுப்பது, ஆள் செத்தால் குடும்பத்தைக் காப்பது நம் கடமை. முதலாவதைப் பாராட்டிக்கொண்டே இரண்டாவதை மறந்துவிடக் கூடாது. நன்றி சொல்லிவிட்டுப் போவது சுலபம், காப்பீடு கொடுப்பதுதான் கஷ்டம்.

தேடுவது என்பது வேறு வேலை

காப்பாற்றுவதைப் பற்றிப் பேசிவிட்டோம். தேடுவது இன்னும் கடினமான வேலை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைப் புரட்டிப் போட்டபோது அது தெரிந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மாதிரி ஊர்களின் மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். எச்சரிக்கை வந்தபோது பலர் ஏற்கனவே வெகுதூரத்தில் இருந்தார்கள். கையில் இருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. கடற்படையும் கடலோரக் காவல்படையும் தேடின. ஆனால் எங்கே தேடுவது என்பதுதான் சண்டையாக இருந்தது. எங்கள் ஆட்கள் தொழில் செய்யும் இடம் வேறு, நீங்கள் தேடும் இடம் வேறு என்று மீனவர்கள் சொன்னார்கள். குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். பூந்துறை, விழிஞ்ஞம் பக்க மீனவர்கள் தாங்களே படகெடுத்துத் தேடப் போனார்கள். பிறகுதான் மீனவர்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு தேடும் வேலை நடந்தது.

மிதக்கும் ஆளைக் காற்று ஒரு பக்கம் தள்ளும், நீரோட்டம் இன்னொரு பக்கம் இழுக்கும். கவிழ்ந்த படகு ஒரு வேகத்தில் போகும், தனி ஆள் வேறு வேகத்தில் போவார். வாடையா, கொண்டலா, கச்சானா, எந்த ஆழத்தில் எந்தத் திசை நீரோட்டம் என்பதெல்லாம் வலை போட்டுப் பழகியவருக்குக் கைக்கணக்கு. இன்கோயிஸ் நிறுவனம் இதையே கம்ப்யூட்டர் கணக்காக்கி 'சராட்' என்று ஒரு கருவி வைத்திருக்கிறது. கடைசியாகப் பார்த்த இடம், நேரம், காணாமல்போனது ஆளா படகா என்று கொடுத்தால், எந்தப் பரப்பில் தேட வேண்டும் என்று வரைபடம் தரும். தமிழிலும் கிடைக்கிறது. கைக்கணக்கும் கம்ப்யூட்டர் கணக்கும் எதிரிகள் இல்லை. இரண்டும் ஒரே படகில் ஏற வேண்டும். ஒக்கி சொன்னது அதைத்தான்.

தேடுவதில் இன்னொன்றும் இருக்கிறது. உடல் கிடைக்காத வீட்டில் காரியம் செய்ய முடியாது. நெற்றியில் பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் ஒரு பெண் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் நிவாரணமும் நகராது. ஆகவே உயிரோடு கிடைக்கும் என்ற நம்பிக்கை போன பிறகும் தேடுகிறவர் வீண் வேலை செய்யவில்லை. அந்த வீட்டுக்கு ஒரு பதில் கொண்டுவந்து தருகிறார்.

நம் தலைக்கு மேல் நின்ற புயல்

நம் கரைக்குப் புயல் புதிதில்லை. 2011 டிசம்பர் 30 தானே, 2020 நவம்பர் கடைசியில் நிவர். ஆனால் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் வேறு மாதிரி. கரைக்கு வந்த பிறகு நகராமல் மணிக்கணக்கில் அதே இடத்தில் நின்றது. நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அதாவது அரை மீட்டர். சென்னையிலிருந்து ராணுவ வீரர்கள் இரவோடு இரவாக வந்து, விடியற்காலையில் புதுச்சேரி கிருஷ்ணா நகரில் படகு இறக்கி நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அடுத்த நாள் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து அரசூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலையே அடைபட்டது.

சாலை அடைபட்டால் மீட்பு வண்டியும் அடைபடும். இதுதான் வெளிநாட்டு மாணவனுக்கு என் நேரான பதில். படை இருக்கிறது, நல்ல படைதான். ஆனால் அது வந்து சேர வேண்டிய பாதையும் அதே வெள்ளத்தில்தான் கிடக்கிறது. அது வரும்வரை யார் வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்தத் தெருவில் கர்ப்பிணி இருக்கிறாள், எந்தக் கிணறு மூடப்படாமல் தண்ணீருக்கடியில் இருக்கிறது என்று தெரிந்தவர் ஊர்க்காரர்தான்.

கை நழுவுவது எது

இப்போது என் கவலைக்கு வருகிறேன். நம் கரையின் மீட்புத் திறமை புத்தகத்தில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. அந்தப் பழக்கத்துக்கு இரண்டு ஆதாரம். ஒன்று கட்டுமரம், மற்றொன்று மணல்.

சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. கட்டுமரம் வேகமாக மறைந்தது. தொழிலுக்கு ஃபைபர் வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் பத்து வயதுப் பையன் அப்பாவோடு கட்டுமரத்தில் போய் அலைமடிப்பைத் தாண்டக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் மூடப்பட்டுவிட்டது.

மணலும் போய்விட்டது. 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டிருந்த மணலை அந்தச் சுவர் தடுத்துவிட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேர, வடக்கே கரை தேயத் தொடங்கியது. புதுச்சேரி நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து நம் பக்கம் வந்தது. இப்போது தூண்டில் வளைவுகள் கட்டுகிறார்கள். படகு நிறுத்தவும் வலை காயப்போடவும் பிள்ளைகள் விளையாடவும் இருந்த அகலமான மணல் சுருங்கிவிட்டது. மணல் இல்லாத இடத்தில் பிள்ளை கடலோடு பழகாது. அதே நேரம், கடலே தெரியாத வெளியூர்க்காரர்கள் வார இறுதியில் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். பார்க்க அமைதியாக இருக்கும் இடத்தில்தான் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. காப்பாற்றத் தெரிந்தவர்கள் குறைய, காப்பாற்றப்பட வேண்டியவர்கள் பெருகுகிறார்கள்.

ஆகவே இனி வழக்கத்தை மட்டும் நம்ப முடியாது. அதைப் பயிற்சியாக மாற்றியாக வேண்டும். 'ஆப்த மித்ரா' என்ற பெயரில் ஒன்றிய அரசின் தன்னார்வலர் திட்டம் 2016-லிருந்து இருக்கிறது. 18 வயது முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு 12 நாள் பயிற்சி. முதலுதவி, கயிறு, தண்ணீர் மீட்பு எல்லாம் சொல்லித் தருவார்கள். தமிழக அரசும் ஊர்தோறும் முதல்நிலை மீட்பாளர்கள் என்று பட்டியல் வைத்திருக்கிறது. மரம் அறுக்கத் தெரிந்தவர், கால்நடையைக் காக்கத் தெரிந்தவர் வரைக்கும் அதில் உண்டு. 200 வருடம் கழித்தாவது நம் வழக்கம் பதிவேட்டுக்கு வந்திருக்கிறது. அந்தப் பதிவேட்டில் மீனவப் பிள்ளைகளின் பெயரும் பெண் பிள்ளைகளின் பெயரும் முன்னால் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்த மாணவிக்கு: தாராளமாகப் பெயர் கொடு அம்மா. வீட்டில் நான் பேசுகிறேன். கடலூர்க் கணக்கை உன் அப்பாவிடம் படித்துக் காட்டு. உன்னைத் தண்ணீரிலிருந்து தள்ளி வைப்பது உனக்குப் பாதுகாப்பு இல்லை என்று அந்த இரண்டு எண்களே அவருக்குச் சொல்லும்.

எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை. பயிற்சி இல்லாமல் வெறும் துணிச்சலில் குதிக்காதீர்கள். மூழ்குகிறவர் பயத்தில் உங்களையே பிடித்து அமுக்குவார். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் போன செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். முதலில் சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள். கையில் கிடைக்கும் கம்பு, கயிறு, புடவை எதையாவது நீட்டுங்கள். எட்டாவிட்டால் காலியான, மூடிபோட்ட தண்ணீர் கேனைக் கயிற்றில் கட்டி வீசுங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பழகியவர் மட்டும், மிதக்கும் பொருளோடு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கட்டும். உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுவை விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

எண்களை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. வெள்ளம், புயல் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. எதுவும் நினைவுக்கு வராவிட்டால் 112.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். மெட்ராஸ் கட்டுமரக்காரர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை என்று எழுதினேன். அடுத்த தலைமுறை நம்மைப் பற்றி அப்படி எழுதக் கூடாது. சுனாமியிலோ, தானேயிலோ, ஃபெஞ்சலிலோ உங்கள் தெருவில் யார் யாரைத் தூக்கிக் கொண்டுவந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி, இடம், பெயர், எப்படிச் செய்தார்கள் என்ற விவரம், நாலு வரி போதும். அவர்கள் சம்மதித்தால் எனக்கும் அனுப்புங்கள், சேர்த்துத் தொகுத்து வைக்கிறேன். கண் சரியாகத் தெரியவில்லை, ஆகவே கொஞ்சம் பெரிய எழுத்தில் அனுப்புங்கள். வழக்கம்போல் எழுத்துப்பிழைக்கு மார்க் குறைப்பேன்.

மழைக்காலம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டையும்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்,
பெரிய முதலியார்சாவடி